முதுகுக்குக் கீழே ஒரு கை

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரின் கட்டிலருகே நிற்கும் சொந்தக்காரர்கள், "பிரஷர் நார்மலா இருக்கா சிஸ்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆமாம் என்றதும் நிம்மதியாகக் கேன்டீனுக்குப் போய்விடுகிறார்கள். நர்ஸிங் மாணவிகளும் இதே நம்பிக்கையோடுதான் என் வகுப்புக்கு வருகிறார்கள்.

60 கிலோ எடையுள்ளவர் உடலில் ஏறத்தாழ நாலேகால் லிட்டர் ரத்தம் இருக்கும். ஒரு லிட்டர் போன பிறகும் மேல் பிரஷர் 110-லேயே நிற்கலாம். ரத்தக் குழாய்கள் சுருங்கி அதுவரை தாக்குப்பிடிக்கும். ஆனால் நாடி 100-ஐத் தாண்டியிருக்கும், விரல்கள் ஜில்லிட்டிருக்கும், சிறுநீர்ப் பையில் சொட்டுவது குறைந்திருக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், "என்னமோ பண்ணுது, தண்ணி குடு" என்று நிலைகொள்ளாமல் தவிப்பார். வலி, பயம் என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. நாடியைக் குறைக்கும் அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடிகூட ஏறாமல் இருக்கலாம்.

ஓர் இரவுப் பணியில், கர்ப்பப்பை எடுத்திருந்த ஓர் அம்மா அப்படித்தான் தவித்தார். டிரெஸ்ஸிங் மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே கசிவதைக் குழாய் வழியாகச் சேர்க்கும் டிரெயின் பாட்டிலிலும் ஒன்றுமில்லை. குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிட்டால் பாட்டில் காலியாகத்தான் இருக்கும். வயதில் மூத்த சிஸ்டர் போர்வையை விலக்கி, "கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்று கையுறை போட்ட கையை இடுப்புக்குக் கீழே செலுத்தினார். எடுத்தபோது விரல்கள் சிவந்திருந்தன. வயிற்றுக் காயத்தின் ரத்தம் பள்ளம் பார்த்து விலாவழியாக ஓடி மெத்தையில் தேங்கியிருந்தது.

அவர் பழைய டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கவில்லை. பிரித்தால் உறைந்து பிடித்திருப்பதும் சேர்ந்து வந்துவிடும். அதன்மேலேயே கனமான பேடு வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, சின்ன சிஸ்டரை ட்யூட்டி டாக்டருக்குப் போன் போடச் சொன்னார். "கொஞ்சம் பிளீடிங் இருக்கு" என்று சொன்னால் போதாது என்று அவருக்குத் தெரியும். நாடி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, ஆபரேஷன் முடிந்து எத்தனை மணி நேரம், எவ்வளவு துணி நனைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தார். டாக்டர் உடனே வந்தார். தியேட்டரில், ரத்தக் குழாயிலிருந்து நழுவியிருந்த கட்டு ஒன்றைத் திரும்பப் போட்டார்கள்.

தைராய்டு ஆபரேஷனில் விஷயமே வேறு. கழுத்துக்குள் கொஞ்சம் ரத்தம் தேங்கினாலே மூச்சு அடைத்துவிடும். அங்கே அழுத்தவே கூடாது. குரல் மாறி, கழுத்து வீங்கி, மூச்சு திணறினால் கட்டிலிலேயே தையலைப் பிரித்துத் தேங்கியதை வெளியேற்றியாக வேண்டும். அதற்கான கத்தரியும் தட்டும் தலைமாட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவைப்பது சிஸ்டரின் வேலை.

தியேட்டரிலிருந்து வந்தவரை முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது பாடம். நாலு பேர் வந்திருந்தால் மணிக்கு 16 முறை. முப்பது, நாற்பது கட்டிலுக்கு ஒரே ஆளை இரவில் நிறுத்திவிட்டு இதை எப்படி எதிர்பார்க்கிறார்கள்? நாடியைத் தொடாமல் சார்ட்டை நிரப்பும் நிலைக்கு நல்ல நர்ஸையும் நிர்வாகமே தள்ளுகிறது. எனக்கு ஆறாத கோபம் இது.

வீட்டுக்கு வந்த பிறகும், 7-லிருந்து 14 நாளுக்குள், காயத்தில் சீழ் பிடித்தால் ரத்தம் கசியலாம். காபித் தூளோ மஞ்சளோ அப்பாதீர்கள். படுக்கவைத்து, சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று. நின்றுவிட்டாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றே காட்டிவிடுங்கள். பீய்ச்சி அடித்தாலோ, துணி நனைந்துகொண்டே போனாலோ, ஆள் வெளிறி வியர்த்தாலோ பத்து நிமிடம் காத்திருக்காமல், ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.