நீலச் சுருள்

தாம்பரம் வட்டாரப் பட்டறைகளில், திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டை வரைக்கும், சிஎன்சி என்னும் கணினிவழிக் கடைசல் இயந்திரம் வந்துவிட்டது. இனி மூத்த டர்னரின் கண்ணும் காதும் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சாதாரண சிஎன்சி எழுதிக்கொடுத்த வேகத்தில் ஓடுமே தவிர, டூல் முனை மழுங்கியதைத் தானே அறியாது. அதைச் சொல்வது கீச்சிடும் சத்தமும் சொரசொரப்பான பரப்பும். அதற்காகப் பெரியவர் சொன்னதெல்லாம் வேதமும் அல்ல. எஃகைக் கடையும்போது சீவி வரும் சுருள் நீலமானால் வேகத்தைக் குறை என்பது ஹெச்எஸ்எஸ் (ஹை-ஸ்பீட் ஸ்டீல்) டூல் காலத்துப் பாடம். சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த டூல் இளகிவிடும். அதைவிடச் சூடு தாங்கும் கார்பைடு இன்சர்ட்டிலோ அதே நீலம், சூடு பெரும்பாலும் சுருளோடு வெளியேறுகிறது என்பதற்கான நல்ல அடையாளம். காரணத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் ஒப்பிக்கும் பயிற்சிப் பையன், கார்பைடிலும் வேகத்தைக் குறைத்து, முனையில் உலோகம் ஒட்டிக்கொள்ள, பரப்பைக் கெடுத்துவைப்பான்.