பூட்டிய வாசல்

வயது முதிர்ந்தவர்களுக்கு விடுதியா என்று மூக்கின்மேல் விரல் வைத்த காலம் ஒன்று உண்டு. 1978-ஆம் ஆண்டில் ஸ்ரீமதி சாவித்திரி வைத்தி அவர்கள் 'விஸ்ராந்தி' இல்லத்தை ஆரம்பித்தபோது இம்மாதிரி இடங்கள் நம் பட்டணத்தில் அபூர்வம். இப்பொழுதோ, பிள்ளை அமெரிக்காவில், பெற்றோர் முதியோர் இல்லத்தில் என்பது மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சாதாரண சமாசாரமாகிவிட்டது. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஆளில்லாத வீட்டில் விழுந்து கிடப்பதைக் காட்டிலும், கூப்பிட்ட குரலுக்கு ஒருவர் வரும் இடம் மேல்தான். நாம் சொல்ல வந்தது வேறு: கொரோனாக் காலத்தில் அந்த இல்லங்களின் வாசற்கதவைப் பற்றியது.

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு தேசம் முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, இல்லங்கள் கதவைச் சாத்தியது நியாயந்தான். அமெரிக்காவில் கிர்க்லாந்து என்ற ஊரில் ஒரே முதியோர் விடுதியில் நோய் புகுந்து 30-க்கு மேற்பட்டவர்களை அதற்குள் கொண்டுபோயிருந்தது. ஸ்பெயினில் கிருமி நீக்கப் போன ராணுவத்தார், கவனிப்பாரற்ற முதியவர்களையும், படுக்கையிலேயே கிடந்த பிரேதங்களையும் கண்டார்கள். இவற்றைப் படித்த எந்த நிர்வாகிதான் வாசலைத் திறந்து வைப்பார்?

அந்தக் கதவுக்குள் ஆயாக்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். நகர பஸ்கள் 2020 செப்டம்பர் வரை ஓடவில்லையாதலால், பல இல்லங்களில் அவர்களை உள்ளேயே தங்கச் சொன்னார்கள். சொந்தக் குழந்தைகளை வாரக்கணக்கில் பாராமல், யாரோ ஒருவருடைய தாயாருக்கு மலஜலம் எடுத்து, தலைவாரிப் பின்னிவிட்டார்கள் இந்த ஸ்திரீகள். டாக்டர்களுக்காகத் தேசமே கை தட்டிற்று. அந்தத் தட்டலில் இவர்களுக்கும் பங்குண்டு என்று எத்தனை பேர் நினைத்தார்களோ!

முதல் சில மாதங்களில் சரியாக இருந்த காரியம் முடிவில்லாமல் நீண்டபோதுதான் சங்கடம். சென்னையில் 2020 ஆகஸ்டு 18-இல் மதுக்கடைகள் திறந்தன. செப்டம்பர் 1-இல் கோயில்கள் திறந்தன. நவம்பர் 10-இல் சினிமாக் கொட்டகைகள் திறந்தன. (இந்த வரிசையைப் பற்றி நேயர்கள் தாங்களே அபிப்பிராயம் செய்துகொள்ளலாம்.) முதியோர் இல்லத்து வாசல் மட்டும் பெரும்பாலும் அந்தந்த நிர்வாகியின் தைரியத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

உள்ளே இருந்தவர்கள் நிலை என்ன? மாலை உலாவல் நின்றது. முழங்கால் மடங்க மறுத்தது. காது மந்தமானவர்கள் பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே பாதி விஷயத்தை ஊகிப்பார்கள். முகமூடி அந்த உதட்டையும் மறைத்தது. செல்போனில் மகன் முகம் தெரிந்தது உண்மை. அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும். அவள் நிற்கும்போது மனத்திலுள்ளதைப் பேச முடியுமா? வெளிநாடுகளுக்கான வழக்கமான விமானப் போக்குவரத்தோ 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை நின்றிருந்தது. ஞாபகம் தப்பியவர்களுக்கு இதையெல்லாம் எப்படி விளங்க வைப்பது? மகன் வராததற்கு ஒரே காரணந்தான் அவர்களுக்குத் தோன்றும்: அவன் மறந்துவிட்டான்.

சர்க்கார் இவர்களை அடியோடு மறந்தார்கள் என்பது அநியாயம். 2021 மார்ச் 1 முதல் 60 வயதானவர்களுக்குத் தடுப்பூசி கிடைத்தது. அடையாள அட்டை இல்லாத இல்லவாசிகளுக்கு ஊசி போட ஏப்ரலில் வழி பிறந்தது. இருப்பிடத்துக்கு அருகிலேயே போடும் ஏற்பாடு மே மாதக் கடைசியில் வந்தது. அதற்குள் இரண்டாவது அலை பட்டணத்தை உலுக்கிவிட்டது.

நம்மோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அடையாற்றுப் பக்கத்து இல்லம் ஒன்றில் இருக்கிறார். அவர் சொன்னார்: "சார், அப்போது எனக்கு எண்பத்தொரு வயது. மிச்சம் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டை எடுத்துக்கொண்டு, 'உம்மைக் காப்பாற்றினோம்' என்கிறார்கள். காப்பாற்றினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலிலேயே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம்; வழியும் இருந்தது. நெதர்லாந்து தேசத்தில் 2020 மே மாதத்திலேயே 26 முதியோர் இல்லங்களைப் பொறுக்கி, நிபந்தனைகளுடன் ஒவ்வொருவருக்கும் ஒரு பந்துவை உள்ளே விட்டுப் பரீட்சை செய்தார்கள். அந்த நாட்களில் புதிய தொற்று ஒன்றும் தெரியவரவில்லை. அங்கே தடுப்பூசியே வராத சமயம் அது.

அடையாற்றில் அந்த நாட்டுக் குளிர் கிடையாது. தாழ்வாரமும் வேப்பமர நிழலும் உள்ள இல்லங்கள் இங்கே உண்டு. ஆறடி தள்ளி இரண்டு நாற்காலி போடுவதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. இல்லத்துக்கு மாதப் பணம் கட்டும் நேயர்கள், நோய் இல்லாத இந்தச் சமயத்திலேயே நிர்வாகியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு. மறுபடி கதவு சாத்த நேர்ந்தால், உரிய மனிதர் ஒருவர் எந்தக் கிழமையில் வந்து அந்த நாற்காலியில் உட்காரலாம்? அதைத் தீர்மானிக்கிற கூட்டத்தில், உள்ளே வசிப்பவர்களில் யார் யார் இருப்பார்கள்?