பொம்மை ரயிலுக்குத் தோள் கொடுப்பார் யார்?

பிரிட்டனில் மாதிரி ரயில் பிரியர்களுக்கு 2024 ஜனவரி நல்ல மாதமாக அமையவில்லை. லிவர்பூலில் 1946இல் தோன்றிய 'ஹாட்டன்ஸ்' என்ற புகழ்பெற்ற மாதிரி ரயில் கடை மூடப்படுவதாக அந்த மாதம் அறிவிப்பு வந்தது. வார்லி மாதிரி ரயில் சங்கத்தார் பர்மிங்ஹாமில் ஆண்டுதோறும் நடத்திவந்த தேசியக் கண்காட்சியும் இனி இல்லை, 2023 நவம்பரில் நடந்ததே கடைசி என்ற செய்தியும் அதே மாதம் வெளியாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பலர், இந்தப் பொழுதுபோக்கின் ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்ப்புக் கூறிவிட்டார்கள்.

அது அவசரத் தீர்ப்பு. எஞ்சினும் பெட்டியும் வாங்குவோர் அங்கே இன்னும் இருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கக் குழந்தைகளோடு வருவோரும் இருக்கிறார்கள். குறைந்து வருவது தூக்கிச் சுமக்கும் ஆள்தான்.

பொம்மை ரயிலைத் தூக்க ஆள் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டு மாடியில் தனி ஒருவர் அமைக்கும் ரயில் பாதை, கட்டிய இடத்திலேயே இருந்துவிடும். சங்கத்தார் கட்டுவது அப்படியல்ல. அது ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போகவேண்டும். ஆகவே துண்டு துண்டான பலகைகளாகக் கட்டுகிறார்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம் என்பது வழக்கமான அளவு. பிரிட்டனில் பெரிதும் வழங்கும் 'ஓஓ' அளவில் எல்லாம் நிஜத்தில் 76இல் ஒரு பங்கு. 20 மீட்டர் நீளமுள்ள பெட்டி இங்கே சுமார் 26 சென்டிமீட்டர். ஆறு பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் ஆறடி ஆகிவிடுகிறது. அந்த வண்டி நிற்க ஒரு பிளாட்பாரம் போட்டாலே ஒரு பலகை போதாது. ஸ்டேஷன், பாலம், சுரங்கம் என்று ஆசை வளர வளரப் பலகையும் வளருகிறது.

இதில் வித்தையெல்லாம் பலகையும் பலகையும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒன்றில் பித்தளை முளை, மற்றதில் அது புகும் பித்தளைக் குழி. இரண்டையும் பொருத்தி போல்ட்டால் முறுக்குவார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே 16.5 மில்லிமீட்டர்தான். சேருமிடத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வண்டி கவிழ்ந்துவிடும். எனவே பலகைகளை முதலில் இணைத்து, அவற்றின் மேல் தண்டவாளத்தை ஒரே நீளமாகப் போட்டு, ஓரத்தில் பித்தளைத் திருகாணிகளோடு ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகே நறுக்குகிறார்கள். அப்படியும் ஈரக் காற்று பட்டால் மரம் ஊதிக்கொள்ளும். கீழே ஓடும் மின்கம்பிகள் தனித் தொல்லை. ஒருவர் தம் இஷ்டப்படி கம்பி ஓட்டிவிட்டால், அவர் வராத நாளில் கோளாறு எங்கே என்று பிறரால் கண்டுபிடிக்க முடியாது.

இதனால் முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே சங்கத்தில் உடன்பாடு வேண்டும். மேடையின் உயரம் என்ன, எந்தக் கம்பிக்கு எந்த நிறம், எந்தக் காலத்து எந்த ஊர் ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் வாதம் நடக்கும். (நீராவியா, டீசலா என்ற வாதம் ஒன்றே பல மாலைகளை விழுங்கிவிடும்.) அமெரிக்காவில் கலிபோர்னியாக்காரர்கள் 1973இல் 'என்ட்ராக்' என்ற பொது விதியை வகுத்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். விதிப்படி கட்டிய பலகைகள், முன்பின் அறியாத இருவருடையதாயினும், ஒரே மண்டபத்தில் இணைந்து ஒரே ரயிலை ஓட்டும்.

மக்களுக்கு இதில் அக்கறையில்லை என்பாருக்கு 2019 மே மாத நிகழ்ச்சியே பதில். மார்க்கெட் டீப்பிங் சங்கத்தார் ஸ்டாம்ஃபோர்டு நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சிக்கு எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தனர். இரவில் சில இளைஞர்கள் புகுந்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். சங்கத்தார் பொதுமக்களிடம் கேட்டது 500 பவுன். வந்து குவிந்ததோ ஒரு லட்சம் பவுனுக்கு மேல்! மாதிரி ரயிலில் மோகம் கொண்ட பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுன் கொடுத்தார். ஆனால் நொறுங்கியவற்றில் பலவும் பல ஆண்டு மாலைப்பொழுதுகளின் கைவேலை. அந்த மாலைப்பொழுதுகளைப் பணம் கொடுத்து எந்தக் கடையில் வாங்குவது?

கண்காட்சி என்றால் வெள்ளிக்கிழமை வேனில் ஏற்ற வேண்டும். மண்டபத்தில் இறக்கிப் பூட்ட வேண்டும். இரண்டு நாள் நின்றபடி ஓட்ட வேண்டும். ஞாயிறு மாலை, கால் கடுக்கும் நேரத்தில், எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற காரியம் இது. ஆனால் இங்கே வடம் பிடிப்போரில் பலர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். முழங்கால் வலிக்காரரிடம் நான்கடிப் பலகையின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டுப் பொழுதுபோக்கு வளர்கிறது என்று பேசிப் பயன் என்ன? வார்லி போன்ற பெரிய கண்காட்சிக்கோ, இவ்வாறு வருகிற பல சங்கங்களையும் வரவழைத்து, இடம் ஒதுக்கி, இரண்டு நாளும் கவனிக்கத் தனிப் படையே வேண்டும். அதுவும் சம்பளமில்லாத படை.

சில சங்கங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. கனத்த மரச்சட்டத்தை விட்டு மெல்லிய ப்ளைவுட்டுக்கு மாறுகிறார்கள். இன்னொரு வழி 'டி-ட்ராக்'. சுமார் ஓரடி நீளமே உள்ள சிறு பெட்டிகளை மேஜைமேல் வரிசையாக வைத்து இணைத்தால் பாதை ஆகிவிடும். பள்ளிச் சிறுமிகூட ஒன்றைக் கட்டிக் கையில் எடுத்து வரலாம். பழைய உறுப்பினர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். ஓரடியில் மலையேது, ஆறேது என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயமும் இருக்கிறது. இருபதடி நீளத்துக்கு வளைந்து செல்லும் பாதையின் அழகு ஓரடிப் பெட்டிகளில் வராது. ஆனால் அந்த இருபதடியை ஞாயிறு மாலை வேனில் ஏற்றப் போகிறவர் யார் என்று கேட்டால், அவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.