ஆகாறும் போகாறும்

சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் ஒரு பங்கைச் சேமிப்புக்கென எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சியதில்தான் செலவு செய்ய வேண்டும் என்பது இன்று எல்லோரும் எல்லோருக்கும் வழங்கும் அறிவுரை. நானும் வழங்கினேன். வலியறிதல் அதிகாரம் நடத்துகையில், வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதிருந்தால் கேடில்லை என்னும் குறளை விளக்கிவிட்டு, நாளை வேலைக்குப் போனால் பத்தில் ஒன்றை ஒதுக்குங்கள் என்று உபரியாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும் அப்பாலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் எழுந்தான்.

"ஐயா, எங்கப்பா வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட கூலிய வாங்கிட்டாரு. அதுல எத ஐயா எடுத்து வெக்கிறது?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அன்றிரவு என் சேமிப்பை எண்ணிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தவன் நான். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு, பங்களிப்பு ஓய்வூதியத்துக்கென என் கைக்கு வருமுன்னரே பிடிக்கப்பட்டு வந்தது. (அந்தத் திட்டத்தின் மீது எங்களுக்கிருந்த வழக்குகள் தனிக்கதை.) ஆக, சேமித்தவன் நானல்லன், கருவூலம். என் சிக்கனம் என்று நான் பெருமைப்பட்டது ஒரு பிடித்தம்.

உலகறிந்த ஆய்வும் இதையே சொல்கிறது. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், வருங்கால ஊதிய உயர்விலிருந்து தானாகவே பிடித்தம் கூடும்படி ஏற்பாடு செய்தபோது, ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் சேமிப்பு 40 மாதங்களில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 ஆக உயர்ந்தது. அவர்கள் அதற்குள் உத்தமர்களாகிவிடவில்லை. ஏற்பாடு மாறியது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கும் மாதந்தோறும் வரும் ஊதியம் என்றொன்று வேண்டும்.

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்றும் நதி என்றும் பொருள். செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில்தான். மழை பெய்தால் ஓடும், மற்ற நாளில் மணல். மலையின் வருவாயும் அப்படியே: சாமை அறுவடைக்கு ஒரு காலம், புளிக்கு ஒரு காலம், தேனுக்கு ஒரு காலம். இடைப்பட்ட வறண்ட மாதங்களில்தான் மேஸ்திரி முன்பணத்தோடு வருகிறான். முன்பணத்துக்கு ஈடாக உழைப்பைப் பிணைக்கும் முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது, ஏட்டில். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளருள் இம்மலைக்காரரும் இருந்தனர். செம்மரம் வெட்டப் போனவர்கள் பேராசையால் போனார்கள் என்று அப்போது எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். மாதம் தவறாமல் சம்பளம் வாங்குபவர் அவர்.

வள்ளுவர் அந்தக் குறளைப் பொருள்செயல்வகையில் வைக்காமல் வலியறிதலில் வைத்ததை நான் இதற்கு முன் கவனித்ததில்லை. சேமிப்பை ஒழுக்கமாகவே படித்துவந்தேன். அது வலிமை பற்றிய கணக்கு. வருவாய்க்கு வழியே திறக்காதவனிடம் செலவின் வழியைச் சுருக்கச் சொல்வது குறளுக்கே பொருந்தாது என்பது என் துணிபு.

அதற்காக மலையில் சேமிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1989இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முறை இங்கும் பரவியிருக்கிறது. வாரத்துக்குச் சில ரூபாய், ஒழுங்கற்ற கூலியிலிருந்து. பிடித்தம் செய்யக் கருவூலமில்லை. எதிரே அமர்ந்திருக்கும் பத்துப் பதினைந்து பெண்களின் கண்களே போதும்.

மறுவாரம் அந்த மாணவனிடம் கேட்டேன். அவன் அம்மா வாரம் 20 ரூபாய் கட்டுகிறாராம். சென்ற பருவத் தேர்வுக் கட்டணம் அந்தக் குழுவில் வாங்கிய கடன்தான். அது முடிய இன்னும் நான்கு வாரம் இருக்கிறது, அதற்குள் அப்பா ஊர் திரும்பிவிடுவார் என்றான்.