முயலுக்கு நீட்டும் துப்பாக்கி பயிரைக் காக்காது!



காட்டுப்பன்றிக்கு எதிராக நாம் கூட்டம் போடுகிறோம், மனு கொடுக்கிறோம், மறியல் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதிகாரிகள் நம் முகத்துக்கு நேராக ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "உங்க ஆளுங்கதானே நாட்டுத் துப்பாக்கியோட முயல் வேட்டைக்குப் போறாங்க? உங்களுக்கு எப்படி லைசென்ஸ் கொடுக்கிறது?" இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். அதனால் அரசாங்கத்தைக் கேட்கும் முன்னால் நமக்குள்ளே கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

துப்பாக்கி வைக்க சட்டம் என்ன சொல்கிறது?

1878-ல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டு நம் கையைக் கட்டினான். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் வந்த ஆயுதச் சட்டம் விவசாயியை மறக்கவில்லை. அதன் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வழி செய்கிறது. எஸ்.பி.எம்.எல். என்று ஆபீசில் எழுதுவது இந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, நாம் கேட்பது சலுகை அல்ல, சட்டத்தில் எழுதி வைத்திருப்பதைத்தான் கேட்கிறோம்.

ஆனால் இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக மிருகத்தைச் சுட அனுமதி கிடைத்துவிடவில்லை. அது வேறு சட்டம், இது வேறு சட்டம். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். 2022-ல் திருத்திய பட்டியலில் காட்டுப்பன்றியும் முயலும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. சுட்டால்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம். கண்ணி வைத்தாலும், விஷம் வைத்தாலும், குறி தப்பிப் போனாலும் அது வேட்டைதான். தண்டனை 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 வருஷம், அதிகம் 5 வருஷம்.

ஒரு முயல் எவ்வளவு கறி தேறும்? இரண்டு கிலோ தேறினால் பெரிது. அந்த இரண்டு கிலோ கறிக்கு ஐந்து வருஷமா?

முயல் வேட்டையால் யாருக்கு லாபம்?

"முயலும் கடலைச் செடியைக் கடிக்குது, கொள்ளைத் தின்னுது" என்று சிலர் சொல்வார்கள். கடிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வரப்போரம் நாலு செடி போகும். ஒரு பன்றிக் கூட்டம் ராத்திரி இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கர் மரவள்ளி கிளறிக் கிடக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? கௌதாரி, காடைக்குக் குறி வைப்பவர்களும் யோசிக்க வேண்டும். கௌதாரி கரையானையும் பூச்சியையும் பொறுக்கித் தின்கிற பறவை, அது நம் காட்டில் கூலி வாங்காமல் வேலை செய்கிறது.

துப்பாக்கியையும் கொஞ்சம் பாருங்கள். முயலுக்குக் கெட்டிக்கிற பொடிக்குண்டு பன்றியைக் கொல்லாது, காயம்தான் படுத்தும். காயம்பட்ட பன்றி மறுநாள் களை எடுக்கப் போகிற பொம்பளை மேல் பாய்ந்தால் யார் பொறுப்பு? கள்ளத்தனமாகச் செய்த துப்பாக்கிக்குக் குழல் எந்தக் குழாயோ தெரியாது. மருந்து ஒரு பிடி கூடிப்போனால் குழல் வெடித்து விரல் போகும், கண் போகும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் புதர் அசைந்தது என்று சுட்டு, கூட வந்தவனே செத்த கதை பேப்பரில் திரும்பத் திரும்ப வருகிறது.

கறி வாங்கித் தின்கிற டவுன்காரன் தப்பித்துவிடுவான். பைக்கும் போய், ஜாமீனுக்கு நகையையும் அடகு வைத்து, வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராந்தாவில் நிற்கிறவன் நம் வீட்டுப் பிள்ளை. அவன் மேல் விழுகிற ஒவ்வொரு கேசும் நம் கோரிக்கை மனுவின் மேல் விழுகிற கல்.

ஆனால் அரசாங்கம் யோக்கியமா?

நம் பக்கத்துக் குறையைச் சொல்லியாச்சு. இப்போது அவர்கள் பக்கம். உரிமத்துக்கு மனுப் போட்டால் வி.ஏ.ஓ., தாசில்தார், போலீஸ், வனத்துறை என்று அந்தக் காகிதம் வருஷக் கணக்கில் சுற்றுகிறது. அப்பா காலத்து லைசென்ஸை மகன் பேருக்கு மாற்றுவதற்குள் இவனுக்கும் தலை நரைத்துவிடுகிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்கு ஏது தேர்தல் விதிமுறை?

நேர்வழியை அடைத்து வைத்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒருத்தன் அவுட்டுக்காய் வைக்கிறான், ஒருத்தன் வேலியில் கரண்ட் விடுகிறான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படிப்பட்ட மின்வேலியில் 3 யானைகள் செத்தன. பாவம் யானைகள். விவசாயியும் ஜெயிலுக்குப் போனார். இது யாருக்கும் நல்லதில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றியைச் சுட வழி அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பன்றித் தொல்லை எங்கே அதிகம்? காட்டோரத்தில்தானே! காட்டை ஒட்டி இருக்கிறவனுக்கு இந்த அறிவிப்பால் என்ன பிரயோஜனம்? பிடித்து விடுகிற பன்றியும் மறுபடி அவன் காட்டுக்குத்தானே வரும்?

பக்கத்தில் பாருங்கள். கேரளாவில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரம் தரப்பட்டது. லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துப் பன்றியைச் சுடுகிறார்கள். குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அங்கே விவசாயியை நம்ப முடிகிறது, இங்கே முடியாதா?

சட்டத்தின் 11-வது பிரிவு, பயிரை அழிக்கும் மிருகத்தைச் சுட எழுத்துமூலம் யாருக்கும் அனுமதி தரலாம் என்கிறது. வனத்துறைக்காரர் மட்டும்தான் சுட வேண்டும் என்று அதில் இல்லை.

நம் கோரிக்கைகள்

1. பயிர்ப் பாதுகாப்பு உரிம மனுக்களுக்குக் காலக்கெடு வைத்து முடிவு சொல். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடு!

2. வாரிசுக்கு உரிமம் மாற்றுவதை எளிமையாக்கு!

3. உரிமம் உள்ள விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்து, பன்றியைச் சுடும் பணியில் சேர்த்துக்கொள்!

4. காப்புக்காட்டை ஒட்டிய 3 கிலோமீட்டருக்குள் உள்ள நிலங்களுக்கு அரசு செலவில் வேலியும், சேதத்துக்கு உடனடி இழப்பீடும் கொடு!

5. உரிமம் இல்லாத துப்பாக்கியைத் தானே முன்வந்து ஒப்படைப்பவர் மேல் வழக்குப் போடாதே!

நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடும் ஒன்று உண்டு. முயலுக்கும் கௌதாரிக்கும் துப்பாக்கி தூக்குகிறவருக்காகச் சங்கம் ஸ்டேஷன் படி ஏறக் கூடாது என்பது என் கருத்து. கிளைக் கூட்டங்களில் இதைப் பேசி முடிவெடுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் கை சுத்தமாக இருந்தால்தான் ஆட்சியர் ஆபீஸ் வாசலில் குரல் உசரும்.

வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள்!

பயிர் காக்கும் உரிமை எங்கள் உரிமை!
வேட்டைக்காரன் அல்ல, விவசாயி நான்!

இவண்,
சங்கச் செயலாளர்