சமத்துவ நாளுக்கு மேடை எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் படித்துவிடுங்கள்.

ஏப்ரல் 14 நெருங்குகிறது. அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளை 2022-இல் தமிழ்நாடு அரசு சமத்துவ நாளாக அறிவித்தது. உங்களில் பலர் ஊர் விழாக்குழுவில் இருக்கிறீர்கள். பந்தல், மைக் செட், நோட்டீஸ் என்று அலைந்துகொண்டிருப்பீர்கள். அதற்கு நடுவில் ஒன்று கேட்கிறேன்.

நம் விழாக்களில் மாற்றுத்திறனாளிகளை எந்த இடத்தில் பார்க்கிறோம்? கடைசியில் வரும் 'நலத்திட்ட உதவிகள் வழங்குதல்' பகுதியில்தான். பெயரைக் கூப்பிடுவார்கள், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மேடையேற்றுவார்கள், அரிசிப் பையோடு ஒரு போட்டோ. குழுவில் அவர் கிடையாது. பேச்சாளர் வரிசையிலும் கிடையாது. உதவி செய்வதை நான் குறை சொல்லவில்லை. உரிமைக்காக வாழ்ந்தவரின் பிறந்த நாளில் ஒருவரை வாங்குவதற்கு மட்டும் அழைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

என்னிடம் படித்த ஒரு பெண், சிறு வயதிலேயே போலியோ வந்தவர், இன்று அரசு அலுவலர். விழா என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாராம். "அங்க நான் போற மாதிரி பாத்ரூம் இருக்காது சார்" என்றார். சித்திரை வெயிலில்! 1927 மார்ச் 20 அன்று மகாத் ஊரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார் அம்பேத்கர். அவர் விழாவுக்கு வரும் ஒருவர் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். மகாத்தில் கேட்டது பொதுக் குளத்தில் இறங்கும் உரிமை. 1924-இல் வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை. சாதியும் உடல் குறைபாடும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கட்டு யாரையும் தீட்டு என்று சொல்வதில்லை. ஆனாலும் பொது இடத்துக்குள் எல்லோரும் வர வேண்டும் என்ற போராட்டத்தைக் கொண்டாடும் இடத்தில், ஆறு படி வைத்து மேடை போடுகிறோமே!

அமெரிக்காவில் நடந்த ஒன்று. மாற்றுத்திறனாளிகளிடம் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 1973-லேயே சட்டம் வந்தது. அதன் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் நகரவில்லை. அவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? கறுப்பின மக்களின் பிளாக் பேந்தர் கட்சி. அந்தக் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் சக்கர நாற்காலியோடு உள்ளே இருந்தார். ஏப்ரல் 28-இல் கையெழுத்தானது.

நம் ஊரிலும் காலம் மாறுகிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதா வந்து நிறைவேறியது. ஊராட்சி மன்றத்தில் நாற்காலி உண்டு என்றால் விழாக்குழுவில் இல்லாமல் போகுமா?

செலவு அதிகமில்லை. மேடையே வேண்டாம், தரையில் நாற்காலி போட்டுப் பேசுங்கள். ஊர்வலத்தில் மூன்று சக்கர வண்டிகள் முன்னால் போகட்டும், மற்றவர்கள் அந்த வேகத்துக்கு நடக்கட்டும். உறுதிமொழியின்போது 'அனைவரும் எழுந்து நிற்கவும்' என்று மைக்கில் அதட்ட வேண்டாம். சிலைக்கு மாலை போட இரும்பு ஏணி வைக்கிறீர்கள் அல்லவா, அன்று ஒரு நாள் எல்லோருமே பீடத்தடியில் பூ வைத்தால் என்ன? பறை இருக்கட்டும். காது கேளாத பிள்ளைகளும் அதை நெஞ்சில் உணர்வார்கள். ஆயிரம் வாலா சரவெடியை மட்டும் தள்ளி வையுங்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் துடித்துப்போகிறார்கள். கழிப்பறை விஷயத்தை நீங்களாக முடிவு செய்யாமல், பயன்படுத்தப்போகிறவரையே கூட்டிப்போய்க் காட்டிக் கேளுங்கள். இதையெல்லாம் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் செய்யுங்கள்.

எங்கள் தெருக் கூட்டம் அன்று மாலை 5 மணிக்கு, பள்ளித் திடலில், தரையில். முதலில் பேசுவது நான் சொன்ன அந்த மாணவி. அரசியலமைப்புச் சட்டம் பற்றிப் பேசுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள்.