தாசன் ஆனார், நகல் ஆகவில்லை!



எங்கள் கதிர்காமத்தில் பேருந்து ஏறினால், சிறிது நேரத்தில் புதுச்சேரி நகருக்குள் இறங்கிவிடலாம். அங்கே ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் மகாகவி பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இருக்கிறது. இரண்டும் இன்று நினைவு இல்லங்கள். அந்த இரு வீட்டுக்காரர்களின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஆங்கில அரசு கைது செய்யும் என்ற நிலையில், 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். அப்போது இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1918 வரை இங்கேயே தங்கினார். அந்த நாட்களில் அவரைச் சந்தித்தவர்தான் கனக சுப்புரத்தினம் என்ற இளைஞர். 1891-ல் இவ்வூரில் பிறந்தவர். இலக்கணம், இலக்கியம் எல்லாம் முறையாகக் கற்றுத் தமிழாசிரியர் ஆனவர். ஆனால் அவர் எழுதிய பாட்டு, புலவர்களுக்கு மட்டுமே புரியும் கடினமான நடையில் இருந்தது.

பாரதியாரின் பாட்டோ, படிக்காதவருக்கும் புரிந்தது! சுப்புரத்தினம் வியந்தார். அவரையே குருவாகக் கொண்டார். 'பாரதிதாசன்' என்று தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். தாசன் என்றால் அடியவர் என்று பொருள்.

அப்படியானால் பாரதியாரைப் பார்த்து அப்படியே எழுதினாரா? இல்லை. எளிமையையும் துணிவையும் குருவிடம் கற்றுக்கொண்டார். தாம் முன்பே கற்றிருந்த இலக்கணத்தை விட்டுவிடவில்லை; அது அவருடைய சொந்தப் பலம். அந்தப் பலத்தோடு, தமிழ்மொழி, பெண்கல்வி, உழைப்பவர் வாழ்க்கை என்று தம் மனத்துக்கு நெருக்கமானவற்றைப் பாடினார்.

இன்னொன்றும் கேளுங்கள். பாரதியார் தெய்வ பக்தி மிகுந்தவர். பாரதிதாசனோ பின்னாளில் பகுத்தறிவு வழியில் நடந்தார். கருத்து மாறியது, ஆனால் குருவின் பெயரை அவர் கழற்றிவிடவில்லை. 1935-ல் பாரதியார் பெயரிலேயே ஒரு கவிதை இதழும் தொடங்கினார். ஒருவரை உயிராக மதிக்கலாம். அதற்காக நாம் அவராகவே மாறிவிட வேண்டியதில்லை! பாரதிதாசன் 1964-ல் மறைந்த பிறகு, 'பிசிராந்தையார்' என்ற அவரது நாடகத்துக்கு 1969-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

குழந்தைகளே! உங்களுக்கும் பிடித்தவர்கள் இருப்பார்கள். கிரிக்கெட் வீரர், பாடகி, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் தோழி... அவர்களைப் போலத் தலைமுடி வெட்டிக்கொள்வது எளிது. அதில் என்ன கிடைக்கும்? அவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள், தவறினால் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கற்க வேண்டியது அதுதான்.

"அவளைப் போல எனக்குக் கணக்கு வரவில்லையே" என்று சில பிள்ளைகள் முகம் வாடிப் போகிறார்கள். அவளிடம் கணக்கைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே, உங்களுக்கு நன்றாக வருவதையும் மறக்காதீர்கள். படம் வரைவதாக இருக்கலாம். கதை சொல்வதாக இருக்கலாம். அழும் தம்பியைச் சிரிக்க வைப்பதாகக்கூட இருக்கலாம். அதுவும் ஒரு திறமைதான்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கம், உங்களுக்குப் பிடித்த ஒருவரிடம் கற்க விரும்பும் ஒன்றை எழுதுங்கள். மறுபக்கம், உங்களுக்கு நன்றாக வரும் ஒன்றை எழுதுங்கள். எந்தப் பக்கத்தையும் காலியாக விடக்கூடாது. எழுதுவீர்கள்தானே?